பழுத்துப்போன அட்வான்ஸ்

அட்வான்ஸ் கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. கூச்சம் இல்லாமல் இருந்தால் போதும். என்னிடம் படிப்பு இருந்தது, கூச்சம் அதைவிட அதிகமாக இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பு முடித்து ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான வாழவந்திக்குத் திரும்பியபோது, "எம்பையன் கரண்டுக்குப் படிச்சிருக்கறான்" என்று அம்மா எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்தார். அவர் சொன்ன தோரணையில், மேட்டூர் அணையே எங்கள் கொல்லையில்தான் இருக்கிறது என்று பலர் நம்பியிருப்பார்கள்.

முதல் வேலை, அதே மலையில் தலைச்சோலை ஊர் வெள்ளையண்ணனின் புது வீடு. வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. முழுக்கைச் சட்டையை இன் செய்துகொண்டு போனேன். (வயரிங் வேலைக்கு எவனாவது இன் பண்ணுவானா? நான் பண்ணினேன்.) பாதிப் பணம் முன்னால் வேண்டும், அதில்தான் சாமான் வாங்க வேண்டும், கூலி பிறகு என்று வகுப்பில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"ஏனுங்க தம்பி, காப்பி வித்தாத்தானுங்க நம்ம கையில காசு. தை மாசம் வாங்கிக்கக் கூடாதுங்களா?"

"கடைக்காரரு தை மாசம் வரைக்கும் பொறுக்க மாட்டாருங்கண்ணா. அட்வான்ஸ் இல்லாம நான் வேலையத் தொடறதில்லீங்க." (அதுவரை நான் எந்த வேலையையும் தொட்டதில்லை என்பது அவருக்கும் தெரியும்.)

வெள்ளையண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு காப்பித் தோட்டத்துக்குள் காய்த்துத் தொங்கிய பலா மரங்களைக் காட்டினார். "அப்ப இதைப் புடிச்சுக்கங்க. அட்வான்ஸா நெனச்சுக்கங்க."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்ட அட்வான்ஸ் கிடைத்துவிட்டதே என்ற பூரிப்பு! ரசீதே எழுதிக் கொடுத்தேன்: 'முன்பணம்: பலா, ஒரு டெம்போ.'

மலையில் சமர்த்தாக இருந்த என் முன்பணம், தார்ப்பாய்க்கு அடியில், அடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்குவதற்குள் பழுக்க ஆரம்பித்தது. சேலம் மண்டியிலோ அன்றைக்கு எங்கு பார்த்தாலும் பலா. மண்டிக்காரர் சொன்ன விலை டெம்போ வாடகைக்கே காணாது.

"ஏனுங்க, எனக்கு வாடகையும் பழமாத்தானுங்களா?" என்று கேட்டார் டிரைவர். சிரிக்காமல் கேட்டார்.

வேறு வழியில்லாமல் வண்டியை ஹார்டுவேர் கடைக்கே விடச் சொன்னேன். "பழத்த வெச்சுக்கிட்டு பைப்பும் ஒயரும் குடுங்க முதலாளி."

கடை முதலாளி என்னையும் டெம்போவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒயர் கம்பெனிக்கு நானும் இதையே பார்சல் போட்டு அனுப்பிச்சிடட்டுங்களா தம்பி?"

கல்லாவைச் சுற்றி நின்ற பிளம்பர்களும் பெயிண்டர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளையண்ணன் இருட்டில் பால் காய்ச்சுவது என் கண்முன் வந்தது. அதற்குப் பிறகு மலைமேல் எவரும் என்னை ஒரு பல்பு மாட்டக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

அப்போது அடியில் கிடந்த பழம் ஒன்று பாரம் தாங்காமல் வெடித்தது. வாசம் கடைக்குள் போனது. சிரித்தவர்கள் வெளியே வந்தார்கள்.

"அறுங்க, பாக்கலாம்" என்றார் ஒரு பிளம்பர்.

கத்தி இல்லை. பைப் அறுக்க வாங்கிய புது ஆக்ஸா பிளேடை எடுத்தேன். அது முதன்முதலில் அறுத்தது பலாப்பழம். பிசின் விரலை விரலோடும், சட்டையை என்னோடும் ஒட்டிவிட்டது. ஒரு பெயிண்டர் தின்னர் ஊற்றிப் பிரித்தெடுத்தார். சுளை தின்றவர்கள் வீட்டுக்கு ஒன்று கேட்டார்கள். "தலைச்சோலைப் பலாவுங்க! மலைப் பழமுங்க!" என்று தெருவே அதிர யாரோ கத்துகிறார்களே என்று பார்த்தால், நான்தான்.

பொழுது சாய்வதற்குள் டெம்போ காலி. வாடகை போகப் பைப்புக்கும் பாதி ஒயருக்கும் தேறியது. முதலாளியே ஒரு பழத்தை அணைத்துக்கொண்டு, "அடுத்த லோடு எப்பங்க தம்பி?" என்றார்.

மீதி ஒயருக்குப் பணம் இல்லை என்று வெள்ளையண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்னங்க, இன்னும் மரம் நிக்குதுங்களே!" என்றார். இரண்டாம் லோடுக்கு அரிவாளும் தேங்காய் எண்ணெயும் கொண்டுபோனேன். இன் பண்ணவில்லை.

வைகாசி முகூர்த்தத்தில் பால் பொங்கியபோது எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. "நொம்ப வெளிச்சமுங்க தம்பி" என்று வெள்ளையண்ணன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். என் அப்பா யாருக்கும் தெரியாமல் அறை அறையாகப் போய் ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். விருந்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே தங்கள் வீட்டு வேலையைக் கொடுத்தார்கள். என் கூலி, சொன்னபடி, தை மாதம் காப்பி விற்றதும் வந்து சேர்ந்தது.

இன்று எனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். முன்பணத்தை ரொக்கமாகவே கேட்கிறேன், கூச்சமில்லாமல். ஆனாலும் நான் புது வேலை பேசிவிட்டு வரும்போதெல்லாம், "அட்வான்ஸ் காயா, பழமா கண்ணு?" என்று அம்மா கேட்காமல் விடுவதில்லை.

போன வாரம் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி வேலை பேசினேன். நான் வாசல் தாண்டுவதற்குள் முன்பணம் போனிலேயே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பெருமையாகப் போனை அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, மூக்கருகே வைத்து நன்றாக மோந்து பார்த்தார்.

"வாசமே வரலையே சாமி. ஏமாத்திப்போட்டாங்களா?"