புலித்தடமும் விளக்குமாறும்

நுவரெலியாவுக்குக் குடிபோவது என்று தீர்மானித்துவிட்டேன். அறுபத்திரண்டாம் வருஷம், தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை, காலில் ஒட்டியிருந்த பதினோராவது அட்டையைப் பிடுங்கி எறிந்தபோது எடுத்த தீர்மானம் அது.

என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். "சிவசாமி காலில் சக்கரம்" என்று பேர் வாங்கியவன் நான். டிக்கோயாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நாலு மாதம் இருந்தேன். இறம்பொடையில் மூன்று மாதம். பிறகு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் ஆறு மாதம். எங்கே போனாலும் நாலு நாளில் உள்ளங்கால் அரிக்கும். ஆனால் இந்தக் காட்டில் மட்டும் முழுசாக இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்குக் காரணம் என் பொறுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் சம்சாரம் பூரணிதான் காரணம்.

எங்கள் உத்தியோகம் புலி பார்ப்பது. நல்லதண்ணி ஊருக்கு மேலே ஊசிமலைத் தோட்டம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. அங்கே ஒரு தகரக் கொட்டகை. அதில் நாங்கள் இரண்டு பேர். கொழும்பிலிருந்து மாதம் ஒரு தடவை ரயில் கோச்சி ஏறி வருகிற வெள்ளைக்காரர் ஒருவர், காட்டு மிருகங்களை ஆராய்ச்சி செய்கிறவர், எங்களை வேலைக்கு வைத்திருந்தார். தோட்டத்து ஜனங்கள் அவருக்குப் புலித்துரை என்று பேர் வைத்துவிட்டார்கள். புலி என்றால் சிறுத்தைதான். எங்கள் பக்கம் அதைப் புலி என்றுதான் சொல்வோம். மரியாதை கொஞ்சம் கூடக் கொடுத்தால் நம்மைக் கடிக்காது என்று ஒரு நம்பிக்கை.

துரைக்கு முதலில் கிடைத்தவள் பூரணி. அப்போது அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். விறகு பொறுக்கக் காட்டுக்குப் போன இடத்தில், துரை உட்கார்ந்து அளந்துகொண்டிருந்த தடத்தை எட்டிப் பார்த்து, "இது பொட்டைங்க. நேத்துச் சாயங்காலம் போயிருக்கு. வலது முன்னங்கால்ல முள்ளு" என்றாளாம். துரை தொப்பியைக் கழற்றிவிட்டாராம். அவளுக்கு எழுத்து வராது. அதனால் அஞ்சாம் வகுப்பு வரை படித்த என்னையும் சேர்த்துக்கொண்டார். ஆக, ஆராய்ச்சிக்கு அவள் கண், நான் கை. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பேர்தான் இருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வேலை இவ்வளவுதான். காட்டுப் பாதையில் இருபதடி நீளத்துக்கு மண்ணைச் சலித்துப் பரப்பி வைத்திருந்தோம். அதற்கு மண்பாய் என்று பேர். புலி அந்த வழியாகப் போனால் தடம் விழும். காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் போவோம். பூரணி பார்த்துச் சொல்லுவாள், நான் எழுதுவேன். தடம் நன்றாக விழுந்திருந்தால் துரை கொடுத்த வெள்ளை மாவைக் கரைத்து அதில் ஊற்றி அச்செடுப்பாள். பிறகு மண்ணைத் தடவிவிட்டு வருவோம்.

பொங்கலுக்கு வந்திருந்த துரை ஒரு சேதி சொன்னார். அவர் தமிழை ஏதோ புத்தகத்தில் படித்தவர். அந்தப் புத்தகத்தில் கட்டளைகள் மட்டும்தான் இருந்தன போலிருக்கிறது.

"சிவசாமி! கேள்! தோட்டம் இந்தக் காடு வெட்டப் பார்க்கிறது. தேயிலை போடப் பார்க்கிறது. இப்போதும் புலி இருக்கிறது என்று காட்டு, நான் கவர்மெண்டுக்கு எழுதுகிறேன், காடு நிற்கும். அப்போது நீ இன்னும் மூன்று வருஷம் இங்கே இரு. முதலில் இருபது நாள் பார். தடம் இல்லை என்றால் கொட்டகை மூடு. நுவரெலியா ஆபீசுக்கு வா. உட்கார். எழுது."

உட்கார், எழுது! என் வாழ்நாளில் யாரும் எனக்கு இவ்வளவு அழகான கட்டளை போட்டதில்லை. துரை போனதும் பூரணி அடுப்பை ஊதிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"ஏங்க, அப்ப இந்தக் காடு நம்ம கையிலதான் இருக்கு."

"நம்ம கையில இல்ல புள்ள. புலி காலுல இருக்கு."

"நுவரெலியாவுல அப்புடி என்னங்க இருக்கு?"

"உக்காரக் கதிரை இருக்கு. கரண்டு லைட்டு இருக்கு. குதிரப் பந்தயம் இருக்கு."

"அட்டை?"

"அறவே கெடையாது!"

"அட்டையும் இல்லாட்டி உங்கள யாருதான் ஒரு எடத்துல புடிச்சு வைக்கிறது?"

நீதான் இருக்கிறாயே என்று நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"இந்தா பாருங்க. நான் பொறந்தது லயத்து வீட்டுல. லயம் தோட்டத்தோடது. தோட்டம் கம்பெனியோடது. நாட்டுலயும் நமக்குப் பங்கில்லேன்னு சட்டம் போட்டுட்டாங்க. காடாச்சும் இருந்துட்டுப் போகட்டுமே."

எனக்கு மனசு இளகியது, பொய் சொல்லவில்லை. ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டாவது அட்டை கடித்தது.

அன்று மத்தியானமே நல்லதண்ணிக்கு இறங்கினேன். மலை ஏற வருகிற யாத்திரைக் கூட்டத்துக்காக லாபிர் நானா அங்கே சீசன் கடை போட்டிருந்தார். ஊசி முதல் உலக்கை வரை விற்பார். யோசனை மட்டும் இலவசம்.

"நானா, ஒரு புலிய ஊர விட்டு வெரட்டணும். வழி சொல்லுங்க."

"புலிய ஏன் வெரட்டணும் சிவசாமி? நீங்க நோட்டுல எழுதுறது புலியயா, தடத்தயா?"

"தடத்த."

"அப்ப தடத்த வெரட்டுங்க."

என்ன மூளை! கையோடு ஒரு விளக்குமாற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஆனா ஒன்னு, என் பொஞ்சாதி றுக்கையாகிட்ட நான் இப்புடி ஒரு வேல காட்ட மாட்டன். நீங்க தைரியசாலி" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை. கீழே தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடித்தது. ஆள்களை வேலைக்கு எழுப்புகிற தப்பு என்னையும் எழுப்பியது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கங்க இந்நேரத்துல?"

"வயிறு சரியில்ல புள்ள."

மண்பாயில் தடம் இருந்தது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் சோற்றுக் கரண்டி அகலம். கதிரையை நினைத்துக்கொண்டு கூட்டித் தள்ளினேன். ஏழு மணிக்குப் பூரணி வந்து நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"ஒன்னும் இல்லீங்க" என்றாள்.

'தடம் இல்லை' என்று எழுதினேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் எழுதியதே கிடையாது.

இரண்டாம் நாளும் வயிறு சரியில்லை. திரும்பி வந்ததும் பூரணி ஒரு கோப்பையை நீட்டினாள். சுக்கு, ஓமம், அப்புறம் அவளுக்கும் காட்டுக்கும் மட்டும் தெரிந்த ஏதோ ஒரு வேர். குடித்தேன். காது வரை கசந்தது.

"ரொட்டி சுட்டியா?"

"சுட்டேன். உங்களுக்கு இல்ல. வயித்தால போற ஆளுக்குக் கஞ்சிதான்."

"கருவாட்டு வாசம் வருதே?"

"அது எனக்கு."

என் எதிரிலேயே உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். நான் கஞ்சியைப் பார்த்தேன். கஞ்சியில் என் முகம் தெரிந்தது. பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் வேரின் அளவு கூடியது. நாலாம் நாள் கஞ்சியில் உப்பு குறைந்தது. நடுவில் ஒருநாளாவது வயிறு சரியாகிவிட்டது என்று சொல்லலாம் என்றால், அப்புறம் விடிகாலையில் எழுந்து போவதற்கு வேறு என்ன காரணம் சொல்வது? பொய்யை மாற்ற வழியில்லாமல் கசாயம் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்தினால் அரை மணி நேரம் கண்ணைச் சுழற்றும். அந்த ஒன்றுதான் லாபம்.

அஞ்சாம் நாள் பாதையில் கால் வைத்தால் மெத்தென்று இருந்தது. கொட்டகையிலிருந்து மண்பாய் வரை கல்லே தெரியவில்லை.

"பாதைக்கு என்னா ஆச்சு புள்ள?"

"நாந்தான் நேத்து மண்ணு சலிச்சுப் போட்டேன். செருப்பில்லாம அவசரமா ஓடுறீங்க. கல்லு குத்துமேன்னு."

இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம்? அப்போதே காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் இரண்டாவது கோப்பைக் கசாயத்தை எடுத்து வந்துவிட்டாள். ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. தகரப் பெட்டியில் துணியை அடுக்குவேன். கலைப்பேன். மறுபடி அடுக்குவேன். வாசலுக்கும் அடுப்புக்கும் நடையாக நடப்பேன். இடுப்பு வார் கடைசி ஓட்டைக்குப் போய், அதையும் தாண்டி ஆணியால் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. ஆனால் நோட்டில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. தடம் இல்லை. தடம் இல்லை. தடம் இல்லை.

இருபதாம் நாள் மத்தியானம் துரை வந்தார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. காட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொட்டகை மூடு, சிவசாமி."

சோகமாக முகத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"தொரைங்களே, ஒரு நிமிசம்" என்றாள் பூரணி.

உள்ளே போய், நான் படுக்கிற கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். கனமாக இருந்தது. சாக்கைத் தூக்கினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவு அச்சுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். மொத்தம் பதினாறு.

துரை மண்டியிட்டு உட்கார்ந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு அச்சிலும் ஒரு மனுஷனின் வெறுங்கால். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அந்தக் காலின் மேல், குதிகாலை அமுக்கிக்கொண்டு, வட்டமாக ஒரு புலித்தடம்.

"யார் கால் இது?" என்றார் துரை.

எனக்குத் தெரியும். அந்தச் சுண்டுவிரலோடு முப்பத்திரண்டு வருஷமாகப் பழகி வருகிறேன்.

"இவரு காலுங்க" என்றாள் பூரணி.

முடிந்தது என்று நினைத்தேன். நுவரெலியா போயிற்று. வேலையும் போயிற்று. திரும்ப ஸ்டோர் மாடிதான். ஆனால் பூரணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

"இவரப் போல வேலைக்காரரு கெடைக்க மாட்டாங்க தொரைங்களே. மண்ணு சுத்தமா இருக்கணும்னு யாரும் சொல்லாமலே தெனமும் பெரட்டுத் தப்போட எந்திரிச்சுப் போயி மண்பாயக் கூட்டி வச்சிட்டு வந்துருவாரு. அதுனாலதான் அங்க தடம் இல்ல. ஆனா இவரு திரும்பி வர்ற பாதையில, இவரு பின்னாலயே புலி வந்திருக்குங்க. நம்ம வாசலுக்குப் பத்தடி வரைக்கும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார் என்று துரை சொல்லவில்லை.

"பதினாறு நாளுமா?"

"பதினாறு நாளும்."

"நான் பாக்கவே இல்லையே!"

"நீங்க கசாயம் குடிச்சிட்டுத் தூங்கயில அச்செடுத்துட்டு மண்ணத் தடவி விட்டுருவேன்."

"ஏன் புள்ள எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க மட்டும் எங்கிட்டச் சொன்னீங்களா?"

துரை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உண்மையா, சிவசாமி? தினமும் நீ கூட்டினாயா?"

யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால், அந்தக் கால் அங்கே என்ன செய்தது என்று கேட்பார். வேறு எதற்காகக் கூட்டினேன் என்று உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். பூரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க தொர" என்றேன்.

துரை ஆடாத குறைதான். மனுஷனுக்குப் பின்னால் தினமும் ஒரே நேரத்தில் வருகிற புலியை இதுவரை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். கவர்மெண்டுக்கு அன்றைக்கே எழுதுவாராம். இந்த அச்சுகளைப் பார்த்த பிறகு காட்டில் ஒரு மரத்தையும் தொட விடமாட்டாராம்.

"எதுவும் மாற்றாதே, சிவசாமி! மூன்று வருஷம்! அதே நேரம் போ. அதே பாதை நட. அதே விளக்குமாறு எடு. தனியாகப் போ. துப்பாக்கி எடுக்காதே."

"ஓடலாமுங்களா தொர?"

"ஓடாதே. திரும்பிப் பார்க்காதே."

பூரணி வாசலில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. அவளை அப்படிப் பார்த்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பயமும் இருந்தது. பயம் கொஞ்சம் கூடுதல்.

மறுநாள் பெரட்டுத் தப்பு அடித்தது. கம்பளிக்குள் நன்றாகச் சுருண்டுகொண்டேன்.

"ஏங்க, எந்திரிங்க. நேரமாச்சு."

"பூரணி, இன்னிக்கு நெசமாவே வயிறு சரியில்ல புள்ள."

"அதெல்லாம் சரியாப் போயிரும்." கம்பளியை உருவினாள். விளக்குமாற்றைக் கையில் திணித்தாள். கதவைத் திறந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றேன்.

"இன்னிலேருந்து மெல்லமா நடங்க" என்றாள் பின்னாலிருந்து. "நேத்துப் புலியோட குட்டி ரெண்டும் கூட வந்துருக்கு. அதுகளால உங்க வேகத்துக்கு நடக்க முடியல."