அதிமதுரப் பொடியில் என்ன கலக்கிறீர்கள், மாமா?

தி. நகர்,
12.7.1971

அன்புள்ள அய்யாதுரை மாமாவுக்கு,

தங்கம் வணங்கி எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இம்முறை உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் கதை உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் நிற்கும்போது ஜவுளிக்கடை முதலாளி உட்காரக் கூடாது என்று இருபது வருஷம் நின்று, முட்டுவலிக்கு மாத்திரைகளைக் கடலை மாதிரி தின்று, அவை வயிற்றைப் புண்ணாக்கி, சித்திரையில் காப்பித்தூள் நிறத்தில் ரத்தமாக வாந்தியெடுத்தார். இனி ஒரு மாத்திரைகூடக் கூடாது என்றார் டாக்டர். அப்பா திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியம் செய்தார். அன்றோடு வீட்டில் சமையல் நின்று வைத்தியம் தொடங்கியது. காலையில் வெண்பூசணிச் சாறு, மதியம் மணத்தக்காளிக் கீரை, மாலையில் முட்டைக்கோஸ் சாறு. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கங்கம்மா கூடையை இறக்காமலே, "இன்னாம்மா, நைனா ஆடு மாதிரி தழையே துன்னுகினு கீறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வயிறு ஆறியது. முட்டுவலி திரும்பியது. மாடிப்படியில் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

அப்போதுதான் உங்கள் அதிமதுரப் பொடி வந்தது. அம்மா தன் கையாலேயே பாலில் கலக்கிக் கொடுத்தாள். நாலே நாளில் அப்பா கடைக்கு நடந்து போனார். "ஏட்டி, உங்க மாமன் பொடி வயித்துக்கு மட்டுமில்ல, முட்டுக்கும் கேக்கு" என்று ரங்கநாதன் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார். ஆனால் நேற்று மறுபடி ரத்தம் போயிற்று, தார் மாதிரி. இன்னொரு முறை போனால் காப்பாற்றுவது கஷ்டமாம். "ரகசியமா மாத்திரை சாப்பிடறார்" என்கிறார் டாக்டர். அப்பா அழுதுவிட்டார். நான் அப்பாவை நம்புகிறேன். ஆகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அந்தப் பொடியில் என்ன சேர்க்கிறீர்கள்? பதில் வரும்வரை இனி அனுப்ப வேண்டாம்.

அத்தைக்கு வணக்கம். பிள்ளைகள் வயிறு கெடாமல் வளரட்டும்.

தங்கம்

பி.கு. (14.7.1971): முந்தாநாள் இதைத் தபாலில் போடும் முன், வழக்கம்போல் இரண்டு வரி எழுதச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வரிகூட எழுதாமல் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "படியில ஒக்காந்து ஏறுன மனுசன என்னால பாக்க முடியல. இனிப்புல கசப்பு தெரியாதுன்னு தெனம் நாலு மாத்திரை பொடிச்சுக் கலந்தேன். சத்தியம் அவருதான பண்ணாரு, நான் பண்ணலயே" என்றாள்.

மேலே கேட்டதை அடித்துவிட்டுப் படியுங்கள். இரண்டு நாளாக உங்கள் பொடியை மட்டும் நானே கலக்கிக் கொடுக்கிறேன். அப்பா முட்டைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமன் கலப்படம் பண்ண ஆரம்பிச்சுட்டான்" என்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை. மன்னியுங்கள்.