தோசைக்கல் வழக்கில் ஜாமீன்

“ஓடிப்போவானா, சாட்சியைக் கலைப்பானா, மறுபடியும் இதே வேலையைச் செய்வானா? ஜாமீன்னா கோர்ட்டு முக்கியமா இதைத்தான் பார்க்கும், அண்ணா” என்றார் வக்கீல் ஸுப்ரியா. “குத்தம் செஞ்சானா இல்லையாங்கறதெல்லாம் பின்னாடி, விசாரணையில.”

நல்லசிவம் யோசித்தார். மலையாளக் கரையில், கொச்சங்காடியில் இட்லிக் கடை வைத்திருப்பவர். எந்தக் கேள்விக்கும் மாவு புளிக்கிற நேரம் எடுத்துக்கொள்வார்.

“தங்கதுரை ஓடுத ஆளு இல்லம்மா. பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டான்.”

தங்கதுரை அவருடைய மைத்துனன். குப்பை கொட்டுவதில் தகராறு. பக்கத்துக் கிடங்குக்காரர் ராமபத்ரன் கடை வாசலில் நின்று கத்திவிட்டு முதுகைத் திருப்பியபோது, உள்ளேயிருந்து ஒரு தோசைக்கல் பறந்துவந்து அவருடைய தோள் எலும்பை முறித்துவிட்டது. நல்லசிவம் அப்போது உளுந்து வாங்க மார்க்கெட் போயிருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த எதிர்வீட்டு கமலாக்ஷி மாமியின் கண்ணில் பட்டது, வாசலில் நின்ற தங்கதுரை. போலீஸ் வந்ததும், “நான்தான் எறிஞ்சேன்” என்று அவனே ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

“என் தம்பி வராம இந்த வீட்டுல அடுப்பு பத்தாது” என்றாள் மனைவி அங்கம்மாள். கடை பூட்டிக் கிடந்தது. நல்லசிவம் தெருமுனையில் சாயாவும் பன்னுமாகக் காலம் தள்ளினார்.

முதல் நாள் அரசு வக்கீல் எழுந்தார். தங்கதுரைக்கு ஊர் தென்காசி. இங்கே ஒரு செண்ட் நிலம்கூட இல்லை. இன்று விட்டால் நாளை ஆரியங்காவு எல்லையைத் தாண்டிச் சொந்த ஊர் போய்விடுவான் என்றார். மனு தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்தால், கதவோரம் துணி அடைத்த பை ஒன்று நின்றது.

“இது என்னட்டீ?”

“எனக்கு இங்க இருப்பு கொள்ளல. கொஞ்ச நாளு ஊருக்குப் போயிட்டு வாரேன்.”

“தம்பிய உள்ள விட்டுட்டா?”

அங்கம்மாள் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பாசம் மனுஷியை என்ன பாடுபடுத்துகிறது என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டார்.

தங்கதுரைக்கு இங்கே வேர் இருக்கிறது என்று காட்டவேண்டும். அடுத்த முறை தெருவையே கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். லாட்டரிக்காரர், மீன்காரர், சைக்கிள் கடைச் சேட்டன், இட்லிக்கு ஏங்கிப்போயிருந்த, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் எல்லோரும் வந்தார்கள். தங்கதுரை கூண்டிலிருந்தபடி ஒவ்வொருவருக்கும் கையசைத்தான்.

அரசு வக்கீல் கூட்டத்தைக் காட்டினார். இத்தனை செல்வாக்குள்ளவன் வெளியே வந்தால், எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ஒரே சாட்சி என்ன ஆவார்?

மறுபடியும் தள்ளுபடி.

மறுநாள் காலை அங்கம்மாள் தூக்குச்சட்டியோடு கமலாக்ஷி மாமி வீட்டுப் படியேறுவதைப் பார்த்து நல்லசிவம் பதறி ஓடினார். அடுப்பு பற்றாத வீட்டிலிருந்து தோசைமாவு போய்க்கொண்டிருந்தது.

“சாட்சி வீட்டுக்குப் போகப்படாதுன்னு வக்கீலம்மா சொன்னாங்கல்லா!”

“அது தங்கதுரைக்கு. நான் மாவு குடுத்தா யாருக்கு என்னவாம்?”

“கொண்டுவரட்டுமே, நல்லசிவம்” என்றார் மாமி. “நேக்கு என்ன தெரியும்? வாசல்ல யார் நின்னான்னுதானே பார்த்தேன்.”

மூன்றாம் முறை, தெருக்காரர்கள் யாரும் வரவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார் நல்லசிவம். செல்வாக்குப் பேச்சு மறுபடியும் வந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஐயா, அவனுக்கு ஒரு செல்வாக்கும் கிடையாது! முன்கோபி. பயந்து யாரும் பேசவே மாட்டாங்க!”

மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. ஸுப்ரியா நெற்றியில் கைவைத்தார். அரசு வக்கீல் மெதுவாக எழுந்து, தமக்கு மேற்கொண்டு சொல்ல எதுவுமில்லை என்று உட்கார்ந்தார்.

“என் தம்பியவா முன்கோபின்னீங்க?” என்றாள் அங்கம்மாள் அன்று மாலை. அவள் கையிலிருந்த கரண்டி எப்படியோ கிளம்பி, நல்லசிவத்தின் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. துக்கத்தில் கை நழுவுவது சகஜம்தான். அவர் குனிந்து எடுத்துக் கழுவி வைத்தார்.

நான்காம் முறை ஸுப்ரியா அவரை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடியில் உட்காரச் சொன்னார். குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. மாமியின் வாக்குமூலம் பதிவாகிவிட்டது. தோசைக்கல் கோர்ட்டின் வசம் இருந்தது. இனி இவனை உள்ளே வைத்து ஆகவேண்டியது என்ன, விசாரணைக்கு முந்தைய சிறை தண்டனையாகிவிடக் கூடாது என்றார் மாஜிஸ்திரேட். மாவட்டம் தாண்டக்கூடாது, சாட்சியிடம் பேசக்கூடாது, வேறெந்தக் குற்றத்திலும் சிக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு ஜாமீன் கிடைத்தது. நல்லசிவமும் கலூரிலிருக்கும் அவருடைய சித்தப்பா மகனும் ஜாமீன்தாரர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

சப் ஜெயில் வாசலில் தங்கதுரை கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். காயலிலிருந்து காற்று வந்தது. கிடங்குகளில் சுக்கு மணத்தது.

கிடங்குகளைத் தாண்டியதும் நல்லசிவம் நின்றார்.

“இந்தா பாரு, நான் உனக்குப் பொறுப்பு ஏத்திருக்கேன். இனிமேலாவது கைய அடக்கி வச்சுக்கோ.”

தங்கதுரை வேட்டியை மடித்துக் கட்டினான்.

“சரி அத்தான். அதை அக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. இனிமே அவ எறியுத கல்லுக்கு நான் ஜீப்புல ஏற மாட்டேன்.”