கரெக்‌ஷன் சாரின் நாற்பது நாட்கள்

தில்லித் தமிழர்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்கிற தமிழ்ப் பிழைகளைத் தனி ஒருவராகச் சுமந்த மனிதர் எங்கள் கரெக்‌ஷன் சார். முனிர்காவில் நான் குடியிருந்த கட்டடத்தில் அவர் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது. ஓர் அரசு அலுவலகத்தில் தமிழ்த் துண்டுப் பிரசுரங்களுக்குப் பிழை திருத்துவது அவர் வேலை. மனைவி திருச்சியில் டீச்சர். சாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அலுவலகத்தில் நாள் முழுக்கத் திருத்தியும் அவருக்குக் கை அரிப்பு அடங்காது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாங்கள் சாமான் வாங்கும் கடையில் 'சுத்தமான எண்ணை' என்று ஒரு பலகை உண்டு. சார் வருவது தெரிந்தாலே கடைக்காரர் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர் பிறந்ததிலிருந்து இந்தியைத் தவிர வேறு பாஷை பேசாதவர். அவருடைய இந்தியிலேயே ஆண்பால் பெண்பால் தவறு என்று சார் ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த வாரம் கட்டடத்துக்கு நான்கு நாள் தண்ணீர் வரவில்லை.

சார் லுத்தரன் கிறிஸ்தவர். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அவர்களுக்கு லெந்து காலம். பிடித்தமானது எதையாவது அந்த நாட்களில் விட்டுவிடுவார்கள். சாரும் முதலில் ஊரோடு ஒத்துக் கறியை விட்டுப் பார்த்தார்.

"பிரயோஜனமில்ல தம்பி. நான் கறியை விட்டா ஆட்டுக்குத்தான் லாபம். எனக்குள்ள ஒண்ணும் மாறல."

மாறாதது மட்டுமல்ல, பசியில் இன்னும் அதிகமாகத் திருத்தினார். கடைசியில் அவருடைய சபை ஐயரே வழி சொன்னாராம். (ஐயர் என்றால் அவர்கள் சபையில் போதகர். எனக்கு அது புரியவே ஒரு வருடம் ஆனது.) தன் பிரசங்கத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பென்சிலோடு கேட்கும் மனிதரிடம் ஐயர் தயவாகச் சொல்லியிருக்கிறார்: "அண்ணே, இந்த லெந்துக்கு நீங்க திருத்துறதை விட்டுப் பாருங்களேன்."

சார் அதை உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தார். அலுவலக வேலை தவிர, யார் தப்பையும் சொல்லக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. கீழ்வீட்டுக் குட்டிப் பெண் தில்லியிலேயே பிறந்தவள், பாலை இந்தியில் தூத் என்றுதான் சொல்லுவாள். "அங்கிள், பூனை வந்தான், தூத் பூரா குடிச்சான்" என்பாள். சார் மாடிப்படிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஆமாம்மா, குடிச்சான்" என்பார். நெற்றியில் வியர்வை துளிர்க்கும். மார்ச் மாத தில்லியில் யாருக்கும் அப்படி வியர்க்காது.

நிம்மதியாக மூச்சுவிட்ட எங்களுக்கு ஒரு சங்கதி தெரியாமல் போயிற்று. சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் நாற்பத்தாறு நாள் வருகிறது. ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், அன்றைக்கு விரதம் கிடையாது.

ஆறு நாள் பிழைகளையும் சார் ஒரு சின்ன நோட்டில் குறித்துவைத்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து, ஒரு மணிக்கு என் கதவைத் தட்டினார்.

"செவ்வாய்க்கிழமை காலையில 'முயற்சித்தேன்'னு சொன்னீங்க. முயன்றேன். வியாழக்கிழமை வாட்ஸ்அப்ல 'மெட்ரோவுக்கு அருகாமையில் அறை காலி'ன்னு போட்டிருந்தீங்க. அருகாமைன்னா பக்கத்துல இல்லாததுன்னு அர்த்தம்." சற்று யோசித்தார். "மெட்ரோ எங்கயோ இருக்கு. அதனால நீங்க எழுதினது சரிதான், நோட்டுல அதை அடிச்சுடறேன்."

அடுத்த ஞாயிறு மதியம் கட்டடத்திலிருந்த தமிழர்களில் ஒருவர்கூட வீட்டில் இல்லை. ஒருவர் குளிக்காமல் லோதி கார்டனில் போய்ப் படுத்திருந்தார்.

அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜனவரியில் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தள்ளிப்போடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு எழுந்தபோது, அப்பா பிடிவாதமாக வைகாசியில் நாள் குறித்தார். "பத்திரிகை வேலையை மட்டும் நீ பாத்துக்க" என்றார். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்து மறுநாள் விருதுநகர் அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் மாதிரி வந்தது. புதன் மதியத்துக்குள் சரி சொன்னால் அன்றே மெஷினில் ஏற்றிவிடுவார்கள். என் பெயரையும் அவள் பெயரையும் பார்த்தேன். மனம் குளிர்ந்துவிட்டது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட சாரிடம் பெருமையாகக் காட்டினேன்.

சார் படித்தார். முகம் வெளுத்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, அப்பா சௌக்கியமா?"

"சௌக்கியம் சார்."

"எப்ப பேசினீங்க?"

"நேத்து."

"நல்லாத்தான் பேசினாரா?"

நல்லாத்தான் பேசினார் என்றேன். சார் தலையசைத்துவிட்டுப் போனார். செவ்வாய் காலை பால் வாங்கப் போகும்போது மறுபடி வந்தார். "இன்னைக்கு அப்பாகிட்ட பேசினீங்களா?" மாலையில் மொட்டைமாடிக்கே ஏறி வந்தார். "அப்பா இருக்காருல்ல?"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுபடியும் ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"காலையிலருந்து மூணாவது தடவை கேக்குற. டாக்டர் ஒங்கிட்ட தனியா எதுவும் சொன்னாராடா?"

இப்போது அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

புதன் காலை நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது சார் வாசலில் வந்து நின்றார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"தோத்துட்டேன் தம்பி. பத்திரிகையை எடுங்க. மூணாவது வரி."

எடுத்தேன். என் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அச்சகத்துக்குப் போன் போட்டால், "போன வாரத்துக் கார்டுல இருந்த வார்த்தை சார், அழிக்க விட்டுப்போச்சு" என்றார்கள், ஏதோ கமாவைச் சொல்வதுபோல. அது மட்டும் ஊர் முழுக்கப் போயிருந்தால், இதயத்தில் கம்பியோடு இருக்கிற மனிதருக்குச் சொந்தபந்தங்கள் துஷ்டி கேட்டு வந்திருப்பார்கள்.

பதற்றம் அடங்கியபோதுதான் சாரைப் பார்த்தேன். நாற்பதில் நான்கு நாள்தான் பாக்கி இருந்தது.

"உங்க விரதம் போச்சே சார்."

"போச்சு. திங்கக்கிழமையே போயிருக்கணும். என் விரதம் பெருசுன்னு ரெண்டு நாள் உங்களைப் பயமுறுத்திட்டேன். அதுதான் தப்பு." போனை என் கையில் கொடுத்தார். "விரதத்தை முடிச்சுக் காட்டி ஆண்டவர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்குறது எங்க சபையில கிடையாது தம்பி. எல்லாம் கிருபைதான்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்திருந்தார்.

"எப்படியும் உடைஞ்சாச்சு. 'விழாவிற்க்கு'ன்னு போட்டிருக்கான், அந்த க் வேண்டாம். 'வருகைதந்து'வைச் சேத்து எழுதிட்டான். இன்னும் ஏழு இருக்கு, எழுதிக்குங்க."

அன்று அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது திட்டுவார் என்று காத்திருந்தேன். போனில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. "அந்த மனுசனுக்கு நானே கையால எழுதிப் பத்திரிகை அனுப்பணும். அட்ரஸைச் சொல்லு" என்றார்.

கல்யாணத்துக்குச் சார் திருச்சியிலிருந்து மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் அப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, பங்காளிகளை நகரச் சொல்லி, குடும்பப் படத்தில் நிறுத்தினார். அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். சார் மட்டும் என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.