நமசிவாயம் ஐயாவின் காற்சட்டை

பிறந்த பிள்ளைக்கு முதற்சட்டை பழந்துணியில்தான் தைக்கவேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம். புதுத்துணி பிஞ்சுத் தோலை உரசிவிடும். யாருடைய பழந்துணி என்பதில் மட்டும் நாங்கள் அண்மையில் சற்று முன்னேறியிருக்கிறோம்.

தர்சிகாவின் மகளுக்குப் பத்தாம் நாள், கனடா மச்சாள் அனுப்பிய சட்டையைப் போட்டார்கள். கழுத்தில் சரிகை, முதுகில் சிப், தலைக்கு ஒரு பூ. முகநூலில் போட்ட படத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டது. இரண்டு நாளாக ஒரே அழுகை.

"மாமி, இவரின்ரை பழைய சாரம் ஒண்டு கிடக்கு. உடுத்துத் தோய்ச்சு நல்ல மெத்து. அதிலை தைக்கப்போறன்" என்றாள் தர்சிகா.

மாமியார் செல்வநாயகி நெஞ்சில் கை வைத்தார். அவர் மகன் ஜெயரூபன் மேசன்.

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? மேசன்ரை சாரத்தைப் போட்டால் அவள் நாளைக்குச் சீமெந்து குழைக்கிறதோ? கந்தோர்க்காரரின்ரை துணியிலை தைச்சால்தான் அரசாங்க உத்தியோகம் வரும்."

"நீங்கள் இருக்கிற வீடே அந்தச் சீமெந்துதான் மாமி."

"வாய் காட்டாதை."

ஆகவே செல்வநாயகி, எங்களூர்க் கந்தோரில் பதினெட்டு ஆண்டுகளாக அப்பழுக்கற்ற சேவையாற்றிவரும் நமசிவாயம் ஐயாவை அணுகினார். ஐயா படிவம் ஒன்றை நீட்டினார். குழந்தை, குழந்தைதான் என்பதற்கு அத்தாட்சியும் இணைக்கவேண்டும்.

"ஐயா, ஒரு பழைய சேட்டுத்தானே கேக்கிறன்."

"அம்மா, என்ரை சேட்டு ஒண்டும் பழசாகேல்லை. பதினெட்டு வருசமும் அப்படியே கிடக்கு."

உண்மைதான். சேட்டு தேய்வதற்குக் கையை அசைக்கவேண்டும். கடமையின் பொருட்டு ஐயாவிடம் தேய்ந்த ஒரே துணி, நீளக் காற்சட்டையின் இருக்கைப் பகுதி. வருடத்துக்கு ஒரு காற்சட்டை. ஒரு காற்சட்டைக்கு ஒரு பிள்ளை.

செய்தி பரவியது. மறுநாளே 'தேய்ந்த துணி வழங்கல் முன்னுரிமைப் பட்டியல்' திறக்கப்பட்டது. முதலில் வந்த செல்வநாயகிக்கு ஏழாம் இலக்கம் கிடைத்தது. முதல் ஆறும் ஐயாவின் சொந்தக்காரருக்கு. ஏழு வருடத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுமே என்று அவர் கண்கலங்க, ஐயா மனமிரங்கித் தேய்மானத்தைத் துரிதப்படுத்தினார். முன்பு நாலு தடவை தேத்தண்ணீருக்கு எழும்புவார். இப்போது எழும்புவதேயில்லை.

காணிக் கடதாசிக்காக இரண்டு வருடம் கந்தோருக்கு நடந்த கனிசியஸ் அன்று பொறுமை இழந்தார். "ஐயா, ஒருக்கால் எழும்பி அந்த அலுமாரியிலை என்ரை பைலை எடுங்கோவன்!"

"உஸ்! அவரை எழுப்பாதையுங்கோ! துணி பிந்தப்போகுது!" என்று வரிசையே அவர்மேல் பாய்ந்தது.

கனிசியஸ் வெகுண்டு வெளியே போனார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "என்ரை மகளும் வயித்தோடைதான்" என்று தானும் ஒரு படிவம் வாங்கினார்.

பட்டியல் திறந்த ஐந்தாம் நாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தர்சிகா வந்தாள். பிள்ளைக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை. வேர்க்குரு அடங்கியிருந்தது. அவளுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

"மாமி, வீட்டை வாங்கோ! பிள்ளை வேர்க்குருவிலை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. நீங்கள் இஞ்சை ஒரு மனுசன் இருந்து தேய்க்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். வெக்கமாயில்லையோ?"

ஒருவரும் வெட்கப்படவில்லை. எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். காற்றாடி கடகடத்தது, தொலைபேசி விடாமல் அடித்தது, ஆட்கள் சத்தம் போட்டார்கள். பிள்ளை அசையாமல் நித்திரை.

"பாருங்கோ! கந்தோருக்குள்ளை வந்த உடனை நித்திரை!"

"போன் அடிக்குது, கண் முழிக்கேல்லை! உத்தியோகம் நிச்சயம்!"

"எந்தக் கந்தோர்க்காரரின்ரை துணி, பிள்ளை?"

"ஒரு கந்தோரும் இல்லை. இது இவரின்ரை பழைய சாரம்" என்றாள் தர்சிகா, தலையை நிமிர்த்தி.

பிறகு எல்லோரும் மெல்லத் திரும்பி ஐயாவின் காற்சட்டையைப் பார்த்தார்கள்.

பொதுமக்களின் ஏகோபித்த வேண்டுகோளுக்கு இணங்க, மறுநாள் தொடக்கம் நமசிவாயம் ஐயா காற்சட்டைக்குப் பதில் சாரம் உடுத்துக் கடமையாற்றி வருகிறார். ஏழாம் இலக்கத்தைச் செல்வநாயகி இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த பேரப்பிள்ளைக்கு உதவுமாம்.

படித்த சனம் இப்படி மூடத்தனமாக நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. இதை எழுதுவதும் அந்த வரிசையில் நின்றபடிதான். என் மகளுக்குத் தை மாதம் பிள்ளை பிறக்கவிருக்கிறது. எனக்கு நாற்பத்து மூன்றாம் இலக்கம். சும்மா சொல்லக்கூடாது, ஐயா இன்று காலையிலிருந்து எழும்பவேயில்லை.