என் கழுத்துக்கு வந்த அகப்பை

செவ்வாய்க்கிழமை காலை, வாயில் சப்பாத்தியோடு அறிவித்தேன். இனி இந்த வீட்டில் எங்கள் தாய்மொழி சுவாஹிலி கிடையாது. எல்லாரும் இங்கிலீஷ்தான்.

காரணம் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை என் மகள் சுபிராவுக்கு மேட்டுத்தெரு இங்கிலீஷ் பாலர் பள்ளியில் நேர்காணல். அவளுக்கு வயது நாலரை. மொத்தம் ஆறே இடம். குழந்தையை முக்காலியில் உட்காரவைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்களாம். எங்கள் ஊரான டாங்காவின் துறைமுகத்தில் மூட்டை எடை போடுகிற எனக்கு, அந்த முக்காலியை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது.

என் மனைவி ஹிதாயா மசியவில்லை.

"நம்ம சல்மா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறைச்சல்? பிள்ளைங்க ஆடுது, பாடுது, சுவாஹிலில கதை கேக்குது. ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பாட்டும் உண்டு."

"பாட்டு சோறு போடுமா?"

"நாலரை வயசுல அவ சம்பாதிக்கணுமா, சுபிரா அப்பா?"

பதிலுக்கு அகப்பையை எடுத்தேன்.

நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஒரு கட்டை உண்டு. சுவாஹிலி பேசி மாட்டினால் அது கழுத்தில் ஏறும். அடுத்தவன் பேசும்போது பிடித்தால் அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பூசை. என் கழுத்து வளர்ந்ததே அந்தக் கட்டைக்காகத்தான். அதே சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டைக்குப் பதில் கயிறு கட்டிய சிரட்டை அகப்பை.

"அட, இது நல்லாருக்கே" என்றாள் ஹிதாயா, சுத்தமான சுவாஹிலியில். அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

கழற்ற அவள் முயற்சியே செய்யவில்லை. "மாட்டியாச்சுல்ல? இனிமே நான் என்ன பேசினா என்ன?" என்று அகப்பையும் கழுத்துமாக மீன்காரரிடம் பேரம் பேசினாள், பக்கத்து வீட்டில் வம்பளந்தாள். ஊமையானது நான்தான். தேங்காய் துருவிக்கு இங்கிலீஷில் என்ன? தெரியவில்லை. தேங்காய்ப்பால் சோறு கேட்க வழியில்லை. போட்டதைத் தின்றேன்.

வாயாடி சுபிராவும் வாயை மூடிக்கொண்டாள். சுவாஹிலியும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. "வாட் இஸ் யுவர் நேம்?" என்றால் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவாள். வியாழன் வந்தது. பிள்ளை ஒரு சொல் பேசவில்லை. தராசில் எண்ணைத் தப்பாகப் படித்து மேலாளரிடம் ஏச்சு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஹிதாயா கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"பிள்ளை இப்படி ஆயிட்டாளே. ஒரு முடிவு கட்டுவோம். நாளைக்குப் பொழுது சாய்ஞ்சு மஃரிப் பாங்கு சொல்றப்ப அகப்பை என் கழுத்துல இருந்தா உங்க பள்ளிக்கூடம். உங்க கழுத்துல இருந்தா சல்மா டீச்சர். பிள்ளை கழுத்துல இருந்தா கணக்கில்ல. சரியா?"

"எஸ்" என்றேன். நாலு நாளாக அகப்பை அவள் கழுத்தைவிட்டு அசையவில்லை. எனக்கென்ன பயம்?

சனிக்கிழமை சூரியன் நகர மறுத்தது. நான் முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உதடுகளை விரலால் பிடித்துக்கொண்டேன். பாங்குக்குப் பத்து நிமிடம். அப்போது வாசலில் கைத்தடிச் சத்தம்.

ஹிதாயாவின் பெரியப்பா கோம்போ. எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்.

பெரியவர்களைக் கண்டால் முதலில் 'ஷிகமூ' என்று வணக்கம் சொல்லியாக வேண்டும். அவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். அதை இங்கிலீஷில் சொல்ல எவனாலும் முடியாது. சொன்னால் அகப்பை. சொல்லாவிட்டால் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

கையை நீட்டினேன். "குட் ஈவினிங், சார்."

பெரியப்பா கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உட்காரவில்லை.

"என்ன மாப்ளே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நோ, சார். வெரி ஃபைன், சார்."

"ஹிதாயா, இவன் எந்த ஊர்க்காரன்? நான் வீடு மாறி வந்துட்டேனா?"

வியர்வை காதோரம் வழிந்தது. இன்னும் ஐந்தே நிமிடம். பல்லைக் கடித்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சுபிரா ஓடிவந்து அவர் முன்னால் தலை குனிந்தாள்.

"ஷிகமூ, பெரிய தாத்தா."

"மரஹபா, கண்ணு."

ஹிதாயா அகப்பையைக் கழற்றிப் பிள்ளை கழுத்தில் போட்டாள். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? நாலு நாள் கழித்துக் கேட்கிற குரல் அது.

"பேசிட்டா, என் தங்கம் பேசிட்டா! ஷிகமூ பெரியப்பா, கேட்டீங்களா, பேசிட்டா" என்று சுவாஹிலியில் அலறிக்கொண்டே அவளை அள்ளித் தூக்கினேன்.

தூக்கிய கையிலிருந்தபடியே அவள் அகப்பையை என் தலை வழியாக மாட்டிவிட்டாள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

போகட்டும். பிள்ளை பேசினாளே, அது போதும் என்று நிஜமாகவே நினைத்தேன். கன்னத்தைத் தடவிக் கேட்டேன்.

"ஏண்டா செல்லம், இத்தனை நாளா ஏன் பேசல?"

"பேசினேனே. நீங்க வேலைக்குப் போனதும் பேசிக்கிட்டேதான் இருப்பேன். நீங்க இருக்கறப்ப மட்டும் பேசாதேன்னு அம்மா சொன்னாங்க."

பெரியப்பா பக்கம் திரும்பினேன். நியாயம் கேட்க அவரை விட்டால் எனக்கு யார்?

அவர் ஹிதாயாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "நான் சரியான நேரத்துக்குத்தானேம்மா வந்தேன்?"