எங்கள் வீட்டில் பூஞ்சை இல்லை

சுவரில் பூஞ்சை பூத்தால் அதைத் துடைக்காமல் மூடி மறைக்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. மழை ஓய்ந்ததும் இவர்களை எளிதில் கண்டுகொள்ளலாம். நீங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே ஒரு குறிப்பிட்ட நாற்காலியைக் காட்டி, "இங்க உக்காருங்க, நல்லாக் காத்து வரும்" என்பார்கள். காற்றாவது ஒன்றாவது! அதில் உட்கார்ந்தால் மேற்குச் சுவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அவ்வளவுதான். மூக்கைச் சுளித்தீர்களோ, ஊதுபத்தி எரியும். "என்னங்க, ஏதோ ஈர வாடை..." என்று தொடங்குவதற்குள் காபி வந்துவிடும். இவர்கள் வீட்டில் காபிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அஸ்தம்பட்டி வின்சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி உதிரிபாகக் கடை நடத்தி, அதை விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவர். வீட்டைத் தானே வெயிலில் நின்று கட்டியவர். செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கினார், மணலைச் சலித்து வாங்கினார், கொத்தனாரோடு சண்டை போட்டார். ஆகவே அந்த வீட்டில் பூஞ்சை வராது. அப்படியானால் உள்ளறைச் சுவரில் கறுப்பாகத் தெரிகிறதே, அது என்ன? "அது நெழலுங்க." பட்டப்பகலில், ஜன்னலைச் சாத்திய அறையில், எதனுடைய நிழல்? அப்படியெல்லாம் வின்சென்ட்டிடம் கேட்கக் கூடாது.

மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. நிழல் கையகலம் ஆனபோது காலண்டரை மாட்டினார். காலண்டரைத் தாண்டியபோது கல்யாணப் போட்டோவை மாட்டினார். கல்யாணமும் பற்றாமல் போனபோதுதான் அவருக்கு அந்த அபார யோசனை வந்தது. ஆளுயர ஆரோக்கிய மாதா படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு வாங்கிவந்து, ஆணி அடித்து, மாலையும் சாத்திவிட்டார். இனி எவன் கை வைப்பான்?

அந்த மாத அன்பியக் கூட்டம் அவர் வீட்டில். தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபிப்பது வழக்கம். இவ்வளவு பெரிய மாதா உள்ளே இருக்க முன்ஹாலில் செபிப்பானேன் என்று அன்பியத் தலைவி ஜெபமலர் எல்லோரையும் உள்ளறைக்கே அழைத்துப் போய் முழங்காலில் நிறுத்திவிட்டார். செபமாலை பாதி வருவதற்குள் இந்தப் பக்கம் நாலு இருமல், அந்தப் பக்கம் நாலு தும்மல்.

"ஏற்காட்டுப் பனி இந்த வருசம் கீழ வரைக்கும் எறங்கிருச்சுங்க" என்றார் வின்சென்ட்.

எல்லோரும் போனபின் மனைவி ஜாக்குலின் வெடித்தாள். "ஏங்க, மாதாவுக்கே மூச்சு முட்டுமேங்க! அந்தப் பைப்பை மாத்துனா உங்க கிரீடமா எறங்கிரும்?"

இறங்கிவிடும் என்றுதான் அவர் நினைத்தார். குழாயை மாற்றினால் சுவரை உடைக்க வேண்டும். உடைத்தால் தெரு பார்க்கும். பார்த்தால், "வின்சென்ட் கட்டுன ஊடே ஒழுகுதாம்" என்று பேசும்.

மகள் மெர்லின் தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்தது அதே அறையில்தான். பேரன் பிறந்தான். வின்சென்ட் கடை நடத்திய காலத்தில்கூட இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை. "என்ற சாமி, என்ற ராசா" என்று நாள் முழுக்கக் கொஞ்சல். பிள்ளையும் அவர் நெஞ்சில் சாய்ந்தால்தான் தூங்கும். அந்தச் சின்ன நெஞ்சு ஒருநாள் கரகரவென்று இழுக்கத் தொடங்கியது.

"வீட்ல எங்கயாவது ஈரம், பூஞ்சை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க ஊட்ல அதெல்லாம் இல்லீங்க" என்று வின்சென்ட் முந்திக்கொண்டார், மெர்லின் வாய் திறப்பதற்குள். பாவி மனுஷன்! பேரன் மூச்சுக்குத் தவிக்கும்போதும் வாய் தானாகப் பேசிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மெர்லின் நேரே போய்ப் படத்தைக் கழற்றினாள். சுவர் மையிருட்டாக இருந்தது. சட்டத்தின் முதுகிலும் பச்சையாக முடி முளைத்திருந்தது.

"நான் ஆத்தூருக்கே, மாமியார் ஊட்டுக்குப் போறேன்ப்பா. சுவர் சரியானாத்தான் புள்ளையத் தூக்கிட்டு வருவேன்."

வின்சென்ட் லுங்கியை மடித்துக் கட்டினார். உடனே செயலில் இறங்கினார். எப்படி? தெருவுக்குத் தெரியாமலிருக்கக் கதவைச் சாத்தி, புழுக்கத்துக்கு ஃபேனைப் போட்டு, காய்ந்த பிரஷ்ஷால் பரபரவென்று சுரண்டினார். பூஞ்சை அறையெங்கும் பறந்தது. அதுவும் போதாதென்று பிளீச்சிங் பவுடர் வாளியில் கக்கூஸ் ஆசிட்டையும் ஊற்றப் போனார். ஓடிவந்த ஜாக்குலின் ஆசிட் பாட்டிலைப் பிடுங்கினாள். "ரெண்டையும் கலந்தா வெசப்புகைங்க! எங்களைக் கல்லறைக்கு அனுப்பவா பாக்கறீங்க?"

மெர்லின் பிள்ளையோடு வாசலில் நின்றே சொன்னாள். "ஃபேனை நிறுத்துங்கப்பா. ஜன்னலைத் தெறங்க. மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கிட்டு, சோப்புத் தண்ணில நனைச்ச துணியால தொடைங்க, துணியக் கவர்ல கட்டி வெளிய போடுங்க. மொதல்ல அந்தப் பைப்பை மாத்துங்க. ஒழுகற வரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும். நல்லாக் காஞ்சப்பறம் பெயின்ட் அடிச்சுக்கலாம்."

"எல்லாம் செய்யலாஞ் சாமி. ஜன்னலைத் தெறந்தா எதிர் ஊட்டுக் கந்தப்பன் பாப்பானே?"

மெர்லின் ஆட்டோவுக்குப் போன் போட்டாள். ஆட்டோ வந்தது, போய்விட்டாள்.

வீடு வெறிச்சென்றாகிவிட்டது. வீடியோ காலில் மெர்லின் சுவரைக் காட்டச் சொன்னால், வின்சென்ட் சாமர்த்தியமாகச் சமையலறைச் சுவரைக் காட்டுவார். அவள் அந்த வீட்டிலேயே வளர்ந்தவள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. பேரனுக்கு ஆத்தூரில் இழுப்பு நின்றுவிட்டதாம். கேட்டதும் வின்சென்ட்டுக்குச் சந்தோஷம்; உடனேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் வீட்டைவிட்டுப் போனதும் பிள்ளை தேறிவிட்டானே!

மறுநாள் காலை ஜன்னலை விரியத் திறந்தார். பிளம்பரைக் கூப்பிட்டார். சுவர் உடைகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. எதிர்பார்த்தபடியே கந்தப்பன் வந்து எட்டிப் பார்த்தார். வின்சென்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

கந்தப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணா, உங்க ஊட்லயுமா?"

சுவர் காய்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மெர்லின் பிள்ளையோடு திரும்பி வந்தாள். இப்போது நீங்கள் வின்சென்ட்டை நினைத்துச் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை உங்கள் மகள் ஒரு வாரம் தங்குவதாகப் பெட்டியோடு வந்தாளே, மறுநாளே "புள்ளைக்கு ஸ்கூல் இருக்குப்பா" என்று கிளம்பிப் போனாளே, அது ஸ்கூல் லீவு விட்ட மே மாதம் அல்லவா?